ரொட்டிக்குப் பெயர் வாழ்வு

கெய்ரோ நகரத்துச் சந்துகளில் பொழுது விடிந்ததும் ஒரு காட்சியைக் காணலாம். சைக்கிளில் ஒரு பையன் வருவான். ஒரு கை சைக்கிளைப் பிடித்திருக்கும். மற்றொரு கை தலைமேல் இருக்கும் நீண்ட மரச் சட்டத்தைத் தாங்கியிருக்கும். அந்தச் சட்டத்தின் மீது, அப்போதுதான் அடுப்பிலிருந்து வெளிவந்த ரொட்டிகள் நம் பூரியைப் போல் உப்பலாக அடுக்கப்பட்டிருக்கும். மோட்டார்களும் கழுதை வண்டிகளும் ஜனங்களும் நெரிபடும் தெருவில் ஒரு ரொட்டிகூடக் கீழே விழாமல் அவன் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால், பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு படபடக்கும்!

ரொட்டிக் கடை வாசலிலும் வேடிக்கைக்குக் குறைவில்லை. வரிசையில் நின்று ரொட்டி வாங்கிய பெண்மணிகள் உடனே வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள். சூடான ரொட்டியை அப்படியே பையில் போட்டால் வியர்த்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா? ஆகவே பக்கத்தில் யாருடைய மோட்டார் நின்றாலும் சரி, அதன் முன்மூடியின் மேல் ரொட்டிகளைப் பரப்பி ஆறவிட்டுக்கொண்டே ஊர்க் கதை பேசுவார்கள். காரின் சொந்தக்காரர் வந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டுச் சாப்பாடும் அதே ரொட்டிதானே!

அரபு நாடுகளில் ரொட்டிக்குப் பொதுவான பெயர் 'குப்ஸ்'. எகிப்தியர் மட்டும் அதை 'ஐஷ்' என்பார்கள். ஐஷ் என்றால் வாழ்வு என்று அர்த்தம். நாம் பிழைப்பைப் பற்றிப் பேசும்போது 'சோற்றுக்கு என்ன வழி?' என்று கேட்கிறோமே, அதைப் போல. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் கூடி ஜனாதிபதி முபாரக்கை எதிர்த்துக் கோஷமிட்டபோது, அந்தக் கோஷத்தின் முதல் வார்த்தை ஐஷ். சுதந்திரமும் சமூக நீதியும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இந்த ரொட்டியின் கதையைச் சொன்னால் எகிப்து தேசத்தின் கடந்த சில ஆண்டுப் பொருளாதாரக் கதை முழுவதும் அதில் அடங்கிவிடும். பக்கத்து நாடுகள் இரண்டில் யுத்தம் மூண்டபோது அந்தத் தேசம் என்ன செய்தது என்பதும் அதில் வரும்.

ஐந்து காசு ரொட்டி

எகிப்தின் நாணயம் பவுண்டு. நூறு பியாஸ்தர் சேர்ந்தது ஒரு பவுண்டு. 1980களின் கடைசியில், ரேஷன் ரொட்டி ஒன்றின் விலை ஐந்து பியாஸ்தர் என்று சர்க்கார் நிர்ணயித்தது. அந்த விலை 2024-ஆம் ஆண்டு மே மாதம் வரை, முப்பத்தைந்து ஆண்டுகளாக, மாறவே இல்லை! இறைச்சி விலை ஏறிற்று. எண்ணெய் விலை ஏறிற்று. வீட்டு வாடகை வானத்தைத் தொட்டது. ஐந்து பியாஸ்தருக்கு ரொட்டியைத் தவிர வேறு எதுவும் வாங்க முடியாது என்ற நிலை வந்தது. அப்போதும் ரொட்டி ஐந்து பியாஸ்தர்தான்.

இதற்குக் காரணம் கருணை மட்டுமன்று, பயமும்தான்.

1977 ஜனவரியில் அன்வர் சதாத் ஜனாதிபதியாக இருந்தார். கஜானா காலி. வெளிநாட்டுக் கடன் வேண்டுமானால் மான்யங்களைக் குறைக்க வேண்டும் என்று கடன் கொடுப்பவர்கள் யோசனை சொன்னார்கள். சர்க்கார் ஒரு மாலையில் மாவு, அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய் முதலியவற்றின் மான்யத்தை வெட்டுவதாக அறிவித்தது. மறுநாள் 18-ந் தேதி அலெக்ஸாந்திரியாவிலிருந்து அஸ்வான் வரை ஊர் ஊராகக் கொதித்தெழுந்தது. ராணுவம் தெருவுக்கு வந்தது. இரண்டே நாட்களில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சதாத் அதைத் திருடர்களின் கலகம் என்று ஏசினார். ஏசிக்கொண்டே மான்யங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

அதன் பிறகு ரொட்டியின் விலையைத் தொட ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். விலையைத் தொடாமல் எடையைத் தொட்டார்கள். 2020 ஆகஸ்டில் 110 கிராம் ரொட்டி 90 கிராமாக இளைத்தது. நம் ஊர் ஹோட்டல்களில் விலையை ஏற்றாமல் வடையைச் சிறிதாக்கும் தந்திரம் நமக்குத் தெரியாததா என்ன?

2014-இல் ரொட்டிக்கும் மின்னணு அட்டை வந்தது. நம் ரேஷன் கார்டு போலத்தான். குடும்பத்தில் ஒரு தலைக்கு நாளொன்றுக்கு ஐந்து ரொட்டி. இப்படி ரொட்டி பெறுகிறவர்கள் சுமார் 7 கோடிப் பேர். 2020-இல் எகிப்தின் ஜனத்தொகை பத்துக் கோடியைத் தாண்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், மூன்றில் இரண்டு பேர் இந்த ரொட்டியை நம்பியிருக்கிறார்கள் என்று தெரியும். ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி ரொட்டிகள்!

இவ்வளவு ரொட்டிக்கும் கோதுமை எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் ரோமாபுரிக்கே கோதுமை அனுப்பிய நாடு எகிப்து. இன்றோ, உலகத்திலேயே மிகுதியாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று அது. நைல் நதியின் இரு கரையையும் முகத்துவாரத்தையும் விட்டால் மற்றதெல்லாம் மணல்தான். ஜனங்கள் பெருகினார்கள், நதி பெருகவில்லை.

மிதக்க விட்ட நாணயம்

கோதுமையை வெளிநாட்டில் வாங்க டாலர் வேண்டும். எகிப்துக்கு டாலர் வரும் வழிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சூயஸ் கால்வாயில் போகும் கப்பல்கள் கட்டும் சுங்கம், பிரமிடுகளைப் பார்க்க வரும் பிரயாணிகளின் செலவு, வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணம், கொஞ்சம் எரிவாயு, கொஞ்சம் பருத்தியும் பழமும். வரவு இவ்வளவு, செலவு அதைவிடப் பெரிது. மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கும் குடும்பத்தின் நிலைதான்.

2016-இல் சர்க்கார் ஒரு டாலருக்கு ஏறக்குறைய ஒன்பது பவுண்டு என்று விலை வைத்திருந்தது. ஆனால் அந்த விலைக்கு டாலர் கிடைக்கவில்லை. கள்ளச் சந்தையில் அதைப்போல் இரண்டு மடங்கு. கடைகளில் சர்க்கரை மாயமாக மறைந்தது. தேநீரில் மூன்று நான்கு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துப் பழகிய ஊரில் சர்க்கரைக்காக வரிசை நிற்க வேண்டி வந்தது!

கடைசியில் 2016 நவம்பர் 3-ந் தேதி, நாணயத்தை 'மிதக்க விடுகிறோம்' என்று மத்திய வங்கி அறிவித்தது. அதாவது, டாலருக்கு இன்ன விலை என்று இனிச் சர்க்கார் சொல்லாது, சந்தை சொல்லட்டும். சந்தையும் சொல்லிவிட்டது. சில வாரங்களில் டாலர் பதினெட்டுப் பவுண்டை எட்டியது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒரு தாய் பீரோவில் சேர்த்து வைத்த நோட்டுக்கள் அப்படியே இருந்தன. ஆனால் அந்த நோட்டுக்களின் சக்தி பாதியாகிவிட்டது.

சர்வதேச நாணய நிதியம் மூன்று ஆண்டுகளில் 1,200 கோடி டாலர் கடன் தர முன்வந்தது. பெட்ரோல், மின்சாரம் எல்லாவற்றின் விலையும் படிப்படியாக ஏறின. 2017 ஜூலையில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

பலன் இல்லாமல் போகவில்லை. வங்கிகளில் மறுபடி டாலர் கிடைத்தது. 2019-க்குள் தேசத்தின் உற்பத்தி ஆண்டுக்கு ஐந்து சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்தது. பொருளாதார நிபுணர்கள் மெச்சினார்கள். ஆனால் எகிப்தின் அரசாங்கப் புள்ளிவிவர இலாகாவே வேறொரு கணக்கையும் வெளியிட்டது. 2015-இல் ஏழைகள் நூற்றுக்கு 28 பேர். 2018-இல் நூற்றுக்கு 32 பேருக்கு மேல்!

கடன் வாங்கிய பணம் எங்கே போயிற்று என்றும் கேட்க வேண்டும் அல்லவா? கெய்ரோவுக்குக் கிழக்கே பாலைவனத்தில் ஒரு புதிய தலைநகரம் எழுந்தது. அகன்ற சாலைகள், பாலங்கள், வானளாவும் கட்டிடங்கள் வந்தன. 2013-க்கும் 2023-க்கும் இடையே பத்தே ஆண்டுகளில் நாட்டின் வெளிக்கடன் ஏறக்குறைய நான்கு மடங்காகி, 16,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

தூரத்து யுத்தமும் கோழிக் காலும்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. கெய்ரோவிலிருந்து அது வெகு தூரம். ஆனால் எகிப்து வாங்கிய கோதுமையில் நூற்றுக்கு எண்பது பங்கு அந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது! உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. பயந்துபோன வெளிநாட்டு முதலீட்டுக்காரர்கள் எகிப்திலிருந்து சுமார் 2,000 கோடி டாலரை உருவிக்கொண்டு போனார்கள். மார்ச் மாதமே பவுண்டு மறுபடி சரியத் தொடங்கிற்று.

இந்தச் சமயத்தில் நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 2022 ஏப்ரலில் எகிப்து முதல் முறையாக இந்தியாவையும் கோதுமை வாங்கும் நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. மே மாதம் இங்கே வெயில் கடுமையாகி விளைச்சல் குறைந்ததால் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆயினும் கண்ட்லா துறைமுகத்தில் எகிப்துக்கென்று ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த 61,500 டன் கோதுமைக்கு மட்டும் விலக்கு அளித்து அனுப்பி வைத்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் எகிப்தின் தேசிய உணவுச் சத்துக் கழகம், குறைந்த செலவில் புரதச் சத்துத் தரும் பண்டங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் கோழிக் காலும் இருந்தது. கோழியின் தொடையன்று, நாம் வெட்டி எறிகிற நகமுள்ள பாதம். ஊரெல்லாம் ஒரே கொந்தளிப்பு! அந்தப் பாதத்தில் சத்து இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. எதைச் சாப்பிடும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை ஊர் அறியச் சொன்னதுதான் சுட்டது.

2023 செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 38 சதவிகிதம். எகிப்து அதுவரை கண்டிராத உச்சம் அது. அப்போதும் ரேஷன் ரொட்டி ஐந்து பியாஸ்தர்தான்.

இரண்டு வாசலிலும் தீ

இதற்குள் பக்கத்து வீடுகளில் தீப்பிடித்துவிட்டது.

தெற்கு வாசலில் சூடான். எகிப்துக்கு வரும் நைல் நதியின் இரு கிளைகளும் சூடானின் தலைநகரான கார்ட்டூமில்தான் ஒன்று சேருகின்றன. இரு தேசத்தாரும் ஒரே நதியின் தண்ணீரைக் குடிப்பவர்கள். கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். 2023 ஏப்ரல் 15-ந் தேதி, சூடான் ராணுவமும் அதன் துணைப் படையாக இருந்த விரைவு ஆதரவுப் படையும் கார்ட்டூம் தெருக்களிலேயே ஒன்றையொன்று சுடத் தொடங்கின. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஜனங்கள் வடக்கே ஓடி வந்தார்கள். பஸ்களில் பாலைவன வழியாக எல்லைக்கு வந்து, வெயிலில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். எல்லை தாண்டி வந்தவர்களை அஸ்வான் பக்கத்து ஜனங்கள் உணவும் தண்ணீரும் கொடுத்து வரவேற்றார்கள். அவர்களில் நூபியர்கள் பலர். 1960களில் அஸ்வான் அணை கட்டியபோது சொந்த கிராமங்களைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த குடும்பத்தினர் அவர்கள். வீடிழப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் விசா இல்லாமலே வரலாம் என்றிருந்தது. 2023 ஜூனில் எல்லோருக்கும் விசா வேண்டும் என்று சர்க்கார் விதித்தது. அதற்குப் பிறகு கள்ளத்தனமாகப் பாலைவனம் கடந்து வந்தவர்களும் உண்டு. பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அப்படித் திருப்பி அனுப்பியதை மனித உரிமைச் சங்கங்கள் கண்டித்தன. இத்தனை தடைகளுக்கு நடுவிலும், எகிப்து சர்க்காரின் கணக்குப்படி 12 லட்சத்துக்கும் மேற்பட்ட சூடானியர்கள் யுத்தம் தொடங்கிய பின் வந்து சேர்ந்தார்கள். எகிப்தில் அகதி முகாம்கள் கிடையாது. வந்தவர்கள் ஊருக்குள்ளேயே வாடகைக்கு வீடு பிடித்து, அண்டை அயலாரோடு கலந்து வாழ வேண்டியதுதான்.

கெய்ரோவை அடுத்த கீசாவின் ஃபைசல் வட்டாரத்தில் சூடானியர் கடைகள் முளைத்தன. அவர்களுடைய 'கிஸ்ரா'வைப் பற்றி நம் வாசகிகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும். சோள மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, சூடான கல்லில் மெல்லியதாக இழுத்து ஊற்றி எடுப்பார்கள். அசல் தோசைதான்! குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

கிழக்கு வாசலில் காஸா. 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கியதைத் தொடர்ந்து, இஸ்ரேல் காஸா மீது பெரும் யுத்தம் தொடுத்தது. காஸாவிலிருந்து இஸ்ரேலுக்குள் போகாமல் வெளியே செல்ல இருந்த ஒரே தரை வழி, எகிப்தின் எல்லையிலுள்ள ரஃபா வாசல். காஸா மக்கள் அனைவரையும் சீனாய்ப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது எகிப்து திட்டமாக மறுத்தது. 1948-இல் வீட்டைப் பூட்டிச் சாவியோடு வெளியேறிய பாலஸ்தீனியர்கள் திரும்பிப் போகவே முடியவில்லை. இன்னொரு முறை அது நடக்க உடந்தையாக மாட்டோம் என்பது ஒரு காரணம். யுத்தம் தன் மண்ணுக்குள் வந்துவிடும் என்ற அச்சம் மற்றொரு காரணம்.

கதவை அகலத் திறக்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். திறந்தால் காஸாவே காலியாகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. அதுதான் இந்தத் துயரத்தின் கொடுமை. நோயாளிகளும் காயமுற்றோரும் இன்னும் பலருமாகச் சுமார் ஒரு லட்சம் பேர் எகிப்துக்கு வந்ததாகப் பாலஸ்தீனத் தூதரகம் தெரிவித்தது. அல் அரீஷ் விமான நிலையத்தில் உலக நாடுகள் அனுப்பிய உதவிப் பொருள்கள் வந்து குவிந்தன. 2024 மே மாதம் ரஃபாவின் அந்தப் பக்கத்தை இஸ்ரேல் ராணுவம் கைப்பற்றிய பிறகு, அந்த வாசலும் அடைபட்டது. சண்டையை நிறுத்தக் கத்தாருடனும் அமெரிக்காவுடனும் சேர்ந்து எகிப்து இடைவிடாமல் சமரசம் பேசியது. 2025 அக்டோபரில் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் நகரில்தான் சண்டை நிறுத்த மாநாடு கூடியது.

இந்த யுத்தத்துக்காக எகிப்து கொடுத்த விலையைக் கால்வாயில் கண்டார்கள். காஸாவுக்கு ஆதரவு என்று சொல்லி, ஏமன் நாட்டு ஹூதிகள் 2023 நவம்பர் முதல் செங்கடலில் போன கப்பல்களைத் தாக்கினார்கள். கப்பல் கம்பெனிகள் சூயஸ் வழியை விட்டு, பழைய காலம் போல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. 2023-இல் 1,025 கோடி டாலர் ஈட்டிக் கொடுத்த கால்வாய், 2024-இல் சுமார் 400 கோடி டாலர்தான் கொடுத்தது. 1956-இல் நாசர் தேசவுடைமை ஆக்கியபோது உலகையே அதிர வைத்த கால்வாய் அல்லவா அது? ஒரு குண்டுகூட அதன் மேல் விழவில்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் போயே போய்விட்டது.

ஐந்து, இருபது ஆனது

2024 ஜனவரியில் கள்ளச் சந்தையில் ஒரு டாலர் எழுபது பவுண்டு. நாடு திவாலாகிவிடுமோ என்று பேசிக்கொண்டார்கள். பிப்ரவரியில் அபுதாபி கை கொடுத்தது. மத்தியதரைக் கடற்கரையில் ராஸ் எல் ஹிக்மா என்ற இடத்தில் நகரம் அமைக்கும் உரிமைக்காகவும் மற்ற முதலீடுகளுக்காகவும் 3,500 கோடி டாலருக்கு ஒப்பந்தமாயிற்று. மார்ச் 6-ந் தேதி பவுண்டை மறுபடி மிதக்க விட்டார்கள். ஒரே நாளில் டாலர் 31 பவுண்டிலிருந்து 50 பவுண்டுக்குத் தாவியது. நாணய நிதியம் முன்பு ஒப்புக்கொண்ட 300 கோடி டாலர் கடனை 800 கோடியாக உயர்த்தியது.

அதன் பிறகு வந்தது ரொட்டியின் முறை. ஒரு ரொட்டி செய்ய 125 பியாஸ்தர் ஆகிறது, அதை ஐந்துக்கு விற்க முடியாது என்று பிரதம மந்திரி முஸ்தபா மத்பூலி மே மாதக் கடைசியில் அறிவித்தார். ஜூன் 1-ந் தேதி முதல் ரொட்டி இருபது பியாஸ்தர்!

குடும்பக் கணக்காகவே பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 25 ரொட்டி. மாதத்துக்கு முன்பு 37 பவுண்டு 50 பியாஸ்தர். இப்போது 150 பவுண்டு. நான்கு மடங்கு! ஆனால் அப்போதும் சர்க்கார் ரொட்டிக்கு நூறு பியாஸ்தருக்கு மேல் கையிலிருந்து போடுகிறது. இரண்டு கணக்கும் சரிதான். சர்க்காரின் கணக்கில் அது சிறு தொகை. தினக்கூலி வாங்கும் வீட்டில் பெரிய தொகை.

1977 போல் கலகம் எதுவும் நடக்கவில்லை. தெருவில் கூட்டம் கூடினால் சிறை என்ற அச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ரொட்டிக்கு விலை ஏறுவதற்கு வெகு நாள் முன்பே மற்றதெல்லாம் ஏறி, வீட்டுப் பெண்கள் எதை எதையெல்லாமோ குறைத்துச் சமாளித்துப் பழகியிருந்தார்கள். வாரம் இரண்டு நாள் இறைச்சி என்பது மாதம் ஒரு நாள் ஆயிற்று. காலையில் வேகவைத்த மொச்சை. மத்தியானம் அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்து வறுத்த வெங்காயம் தூவிய 'குஷரி'. இந்தக் குஷரி நம் ஊர்க் கிச்சடியின் வழி வந்தது என்று சொல்வார்கள்.

இன்னொரு கைமருந்து 'கமய்யா'. பெயர்தான் புதிது, பண்டம் நமக்குப் பழையது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகை போடுவார்கள். முறை வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். நம் சீட்டேதான், தள்ளுபடியும் கமிஷனும் கிடையாது. பள்ளிக்கூடச் சம்பளமா, பிரசவமா, பெண்ணின் கல்யாணச் சாமானா, எல்லாவற்றுக்கும் கமய்யா. யாருக்கு அவசரமோ அவருக்கு முறையை முன்னால் தள்ளிக் கொடுப்பதும் உண்டு. நாணய நிதியத்தின் கடனைப் போல் நிபந்தனைப் பட்டியல் இல்லை. ஒருவரையொருவர் தெரியும் என்பதுதான் ஜாமீன்.

யார் மேல் பழி?

கஷ்டம் வரும்போது யார் மேலாவது பழி போட மனம் தேடுகிறது. கெய்ரோவில் வாடகை ஏறியதும், சூடானியர் வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்ற பேச்சு கிளம்பியது. 'நம் ரொட்டியைத் தின்கிறார்கள்' என்றார்கள். சில வட்டாரங்களில் வாடகை ஏறியதற்கு அவர்கள் வருகையும் ஒரு காரணம்தான், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பவுண்டு சரியத் தொடங்கியது 2022 மார்ச்சில். கோழிக் கால் விவகாரம் 2022 டிசம்பரில். சூடானில் முதல் துப்பாக்கி வெடித்தது 2023 ஏப்ரலில்! கடன் மலை அதற்கும் பத்து ஆண்டு முன்பிருந்தே வளர்ந்துகொண்டிருந்தது. ரொட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டை எகிப்தியருக்குத்தான். அட்டை இல்லாத சூடானியத் தாய் முழு விலை கொடுத்துத்தான் ரொட்டி வாங்க வேண்டும். அப்படியிருக்க, அவள் யாருடைய ரொட்டியைத் தின்றாள்?

பக்கத்து நாட்டு யுத்தம் எகிப்துக்கு நஷ்டம் உண்டாக்கியது உண்மை. கால்வாயில் போன பணம் கண்ணெதிரே போன பணம். ஆனால் அது அகதிகள் கொண்டுபோன பணம் அன்று. வீட்டில் ஏற்கெனவே இருந்த கடனுக்கு, விருந்தாளியைக் காரணம் சொல்வது எந்த ஊரிலும் சுலபம். நம் வீடுகளிலும் நடப்பதுதான்.

மருந்து கொஞ்சம் வேலை செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2025 பிப்ரவரியில் விலைவாசி ஏற்றம் 13 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. நாணயத்துக்கு ஒரே விலை வந்ததும், வளைகுடாவிலிருந்த பிள்ளைகள் வங்கி மூலமே பணம் அனுப்பத் தொடங்கினார்கள். 2025 ஜூனோடு முடிந்த ஆண்டில் அப்படி வந்த தொகை 3,600 கோடி டாலருக்கு மேல்! கால்வாயில் இழந்ததைக் கடல் கடந்த பிள்ளைகள் ஈடு செய்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். விலை ஏறுவது குறைந்தது என்றால் ஏறிய விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அதை எந்தக் குடும்பத் தலைவிக்கும் விளக்க வேண்டியதில்லை.

2025 மார்ச்சில் கார்ட்டூம் நகரம் சூடான் ராணுவத்தின் வசம் திரும்பியது. ஜூலை முதல் கெய்ரோவிலிருந்து அஸ்வானுக்கு, ஊர் திரும்பும் சூடானியருக்கென்று இலவச ரயில்கள் விட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் பஸ்ஸில் வந்த குடும்பங்கள், மூட்டை முடிச்சுக்களோடு ரயிலேறின. சூடானின் மேற்குப் பகுதியில் யுத்தம் அப்போதும் ஓயவில்லை. கார்ட்டூமில் வீடு நிற்கிறதா, சுவர் மட்டும் நிற்கிறதா என்று தெரியாமலே பலர் புறப்பட்டார்கள்.

எகிப்தியரிடம் ஒரு வழக்கு உண்டு. நெருங்கிய சிநேகிதர்களைப் பற்றிச் சொல்லும்போது, 'எங்களிடையே ரொட்டியும் உப்பும் இருக்கிறது' என்பார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் மறக்கவும் துரோகம் செய்யவும் கூடாது என்பது அதன் பொருள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பாட்டிமார் சொல்வதும் அதைத்தானே?

ரயிலேறிய அந்தக் குடும்பங்களுக்கும் கெய்ரோவில் அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்தவர்களுக்கும் இடையே அந்த ரொட்டியும் உப்பும் இருக்கின்றன. ஒரு ரொட்டி ஐந்து பியாஸ்தராக இருந்த நாளிலும் சரி, இருபது பியாஸ்தரான பிறகும் சரி.